காலைத் தொடாத மருத்துவம்

"காலைச் சுத்தமா வெச்சுக்கணும்மா. அவ்வளவுதான்."

என் அம்மாவின் கால் கட்டைவிரல் நகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தோல் மருத்துவர் சொன்னது இது. பார்த்துவிட்டு என்று சொல்வதுகூடப் பெரிய வார்த்தை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே செல்போன் விளக்கை அடித்து, நான்கடி தூரத்திலிருந்து ஒரு பார்வை. அம்மா காலைத் தூக்கி ஸ்டூலில் வைக்கப் போனதும், "பரவால்ல, கீழயே இருக்கட்டும்" என்றார். ஒரு களிம்பு எழுதித் தந்தார். வெளியே 300 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். தெருவுக்கு வந்ததும் அம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நா காலக் கழுவிட்டுத்தான பாப்பா வந்தேன்?"

கழுவிவிட்டுத்தான் வந்தாள். கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும் முன், குழாயடியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, பழைய டூத் பிரஷால் அந்த மஞ்சள் நகத்தை ரத்தம் கசியும் வரை தேய்த்துவிட்டு வந்தாள். டாக்டர் முன்னால் அசிங்கமாக இருக்கக் கூடாது என்பதற்காக.

அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேல் மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்தவள். இங்கிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர். முட்டி போன பிறகு உப்பளத்தை விட்டுக் கோட்டக்குப்பம் வந்தாள். இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள், குளியலறை தேய்க்கிறாள். அன்றைக்கும் ஈரம், இன்றைக்கும் ஈரம். அன்றைக்கு உப்புத் தண்ணீர், இன்றைக்கு சோப்புத் தண்ணீர்.

அந்த மருத்துவர் கெட்டவர் என்று நிரூபிக்க இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அவர் சொன்ன அந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது, அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி. நகத்தில் வரும் ஒரு நோயை 'அழுக்கு' என்று பெயர் மாற்றிவிட்டால், அதற்குப் பிறகு யாரும் அதற்கு மருத்துவம் செய்ய வேண்டியதில்லை. நோயாளியே குற்றவாளி ஆகிவிடுகிறாள்.

நகச்சொத்தை என்றால் என்ன?

நம் ஊரில் இதை நகச்சொத்தை என்கிறோம். நகம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும், தடிக்கும், ஓரத்தில் பொடிப்பொடியாக உதிரும், சதையிலிருந்து தூக்கிக்கொள்ளும். பெரும்பாலும் கால் நகத்தில்தான் வரும். கட்டைவிரல் முதலில் போகும். காரணம் பூஞ்சை. டிரைக்கோபைட்டான் ரூப்ரம் என்ற பூஞ்சைதான் உலகம் முழுவதும் முதல் குற்றவாளி. தோல், முடி, நகம் மூன்றையும் கட்டிய கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழ்வது அதன் பிழைப்பு. விரல் இடுக்கில் வருகிற சேற்றுப்புண்ணும் இதே குடும்பத்துப் பூஞ்சைகளால் வருவதுதான். சேற்றுப்புண்ணைக் கவனிக்காமல் விட்டால் அங்கிருந்து நகத்துக்கு ஏறும். ஒரே வீட்டில் ஒரே குளியலறை, ஒரே நகவெட்டி என்றால் ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் காலுக்கும் போகும்.

இந்தப் பூஞ்சைக்குச் சாதி கிடையாது, வர்க்கமும் கிடையாது. நாளெல்லாம் ஷூவுக்குள் கால் வியர்க்கிற அதிகாரிக்கும் வரும். நீச்சல்குளத்துக்குப் போகிறவருக்கும், வயதானவருக்கும், சர்க்கரை நோயாளிக்கும் வரும். ஆனால் அதற்கு மூன்று விஷயங்கள் பிடிக்கும்: ஈரம், வெடித்த தோல், அடிபட்ட நகம். இந்த மூன்றும் ஒரே காலில் சேர்வது எந்தக் காலில்? அதைச் சொல்லாமல் இந்த நோயைப் பற்றிப் பேசுவது பாதி உண்மை பேசுவது.

உப்பளத்துக்கு வாருங்கள். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. பாத்தியில் உப்பு விளையும் பதத்துக்கு வரும்போது அது ஏழெட்டு மடங்காக ஏறிவிடுகிறது. அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டுதான் பலகை போட்டு உப்பை வார வேண்டும். சட்டியில் அள்ளித் தலையில் ஏற்றி, வரப்பு வழியே நடந்து அம்பாரத்தில் கொட்ட வேண்டும். சீசன் தொடக்கத்தில் பாத்தியின் தரையை இறுக்குவதும் காலால்தான், மிதித்து மிதித்து. அடர்ந்த உப்புத் தண்ணீர் தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். குதிகால் வெடிக்கும். உப்புப் பரல் கண்ணாடிச் சில்லுபோல நகக்கண்ணில் குத்தும். நகம் சதையிலிருந்து பிரியும். பிரிந்த இடம்தான் பூஞ்சைக்குத் திறந்த கதவு.

"அவ்வளவு உப்பில் கிருமி செத்துவிடாதா?" என்று படித்தவர்கள் கேட்பார்கள். அந்த உப்பில் பூஞ்சை வளர வேண்டியதில்லை. உப்பு நகத்தை உடைத்துக் கொடுத்தால் போதும். வீட்டுக்கு வந்து, ஈரம் காயாத விரலிடுக்கோடு ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சகதித் தெருவில் நடந்து, இரவெல்லாம் ஈரத் தரையில் கிடந்தால் மீதியைப் பூஞ்சை பார்த்துக்கொள்ளும். கம்பூட்ஸ் போட்டாலும் கதை இதுதான். ஒரே ஒரு ஜோடி கொடுத்தால், உள்ளே தண்ணீர் புகுந்த பூட்ஸ் மறுநாள் காலைக்குள் காயாது. காயாத பூட்ஸுக்குள் எட்டு மணி நேரம் அடைபட்ட கால், பூஞ்சைக்கு நாமே கட்டிக் கொடுத்த வீடு.

சாக்கடையில் இறங்கும் தூய்மைப் பணியாளரின் காலும் இந்தக் கால்தான். நாற்று நடும் பெண்ணின் காலும் இதுதான். மீன் கழுவி விற்கிற, பத்துப் பாத்திரம் தேய்க்கிற பெண்களுக்குக் கால் தப்பினாலும் கை தப்பாது. அவர்களுக்கு வருவது நகச்சுத்து. நகத்தைச் சுற்றிய தோல் வீங்கி, சிவந்து, மாதக்கணக்கில் ஆறாமல் கிடக்கும். இதுவும் முழுக்கப் பூஞ்சை நோய் இல்லை. தண்ணீரும் சோப்பும் முதலில் நகத்துக்கும் தோலுக்கும் இடையிலுள்ள காப்பை அரித்துவிடுகின்றன. கேண்டிடா என்ற பூஞ்சை பின்னால் வந்து குடியேறுகிறது. ஆகவே வேலை மாறாமல், கை உலராமல், எந்த மருந்து போட்டாலும் அது திரும்ப வரும்.

கால் எப்போது அழுக்கானது?

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருகிறவர்களில் பெரும் பங்கினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற மக்கள். இதே மரக்காணத்தில்தான் 2013 ஏப்ரல் 25 அன்று கட்டையன் தெருவில் தலித் மக்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அந்த நெருப்பைச் செய்தி என்று எழுதினார்கள். ஒவ்வொரு நாளும் உப்பில் வெந்துகொண்டிருக்கிற காலை யாரும் செய்தி என்று எழுதவில்லை.

சாதி என்பது உடம்பைப் பிரித்து வைக்கிற ஏற்பாடு. புருஷ சூக்தம் நான்காம் வருணத்தைக் காலில் பிறக்க வைத்தது. எங்களைக் காலுக்கும் வெளியே நிறுத்தியது. அப்படி வைத்த பிறகு கால் என்பதே கீழ்மையின் பெயராகிவிட்டது. "கால் தூசுக்குச் சமம்" என்பது வசவு. காலில் விழுவது தண்டனை. காலுக்குச் செருப்பு என்பதே எங்களுக்கு உரிமைப் போராட்டம். பழங்கதை பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில், சுமார் அறுபது தலித் மக்கள் ஆதிக்கச் சாதியினர் வாழும் தெருவில் செருப்பு அணிந்து நடந்தார்கள். அதுவரை அந்தத் தெருவில் அவர்கள் செருப்பைக் கழற்றித்தான் போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். விண்கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கிய அதே ஆண்டில் நடந்தது இது.

செருப்புப் போடாதே என்று சொன்ன அதே சமூகம்தான், வெடித்த காலைப் பார்த்து "சீ, எவ்வளவு அசிங்கம்" என்கிறது.

நகத்தின் கதையும் இப்படித்தான். வெட்டிய நகமும் முடியும் தீட்டு. வீட்டுக்குள் நகம் வெட்டாதே, விளக்கு வைத்த பிறகு வெட்டாதே, வெள்ளிக்கிழமை வெட்டாதே என்று எத்தனை விதிகள்! அந்தத் தீட்டைத் தொடுவதற்கென்றே ஒரு சாதியை வைத்தார்கள். நாவிதர். ஊராரின் நகம் வெட்டியவரும் அவர்தான், கட்டியைக் கீறியவரும் அவர்தான், புண்ணுக்கு மருந்து கட்டியவரும் அவர்தான். அவர் வீட்டுப் பெண்தான் மருத்துவச்சி, ஊரின் பிள்ளைகளையெல்லாம் கையில் ஏந்தியவள். அந்தச் சாதிக்கு 'மருத்துவர்' என்றே பெயர் இருக்கிறது. மருத்துவம் செய்ததற்காக அவர்களைக் கொல்லைப்புறத்தில் நிற்க வைத்தது இந்தச் சமூகம். தொட்டு வைத்தியம் பார்த்த கை தாழ்ந்தது, தொடாமல் மந்திரம் சொன்ன வாய் உயர்ந்தது.

மருத்துவம் கல்லூரிக்குள் போய், வெள்ளைக் கோட்டுப் போட்டு, கௌரவமான தொழிலாக ஆன பிறகு, தொடாத அந்தப் பழக்கமும் கூடவே உள்ளே போய்விட்டது. நாடி பார்க்க மணிக்கட்டைப் பிடிப்பார்கள், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பார்கள். காலைத் தொட மட்டும் கை வராது. அதுவும் எங்கள் அம்மாவின் காலை. இதில் விதிவிலக்கான மருத்துவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரைப் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் விதியைச் சொல்லாமல் விதிவிலக்கைக் கொண்டாட முடியாது.

மருந்து இருக்கிறது, ஆனால் யாருக்கு?

நகச்சொத்தை தீராத நோயில்லை. ஆனால் அவசரத்தில் தீருகிற நோயும் இல்லை. அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. அதை எங்கள் மக்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் சோதனை. மஞ்சளாகித் தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லை. உருக்குலைந்த நகங்களில் ஏறத்தாழ பாதிதான் பூஞ்சையால் வருகிறது. மீதி சொரியாசிஸாக இருக்கலாம், அடிபட்டதாக இருக்கலாம், வேறு தோல் நோயாக இருக்கலாம். நகத்தின் அடியில் சுரண்டி எடுத்த துகளைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் பூஞ்சை இழை தெரியும். இதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு துளி மருந்து, ஒரு மைக்ராஸ்கோப், பழகிய கண். காசநோய்க்குச் சளி பார்க்கிற ஆய்வகத்தில் இதையும் பார்க்கலாம்.

அடுத்து மாத்திரை. டெர்பினாஃபின் 250 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. கைநகத்துக்கு 6 வாரம், கால்நகத்துக்கு 12 வாரம். அதாவது 84 மாத்திரை. சிலருக்கு இட்ராகோனசோல், மாதத்தில் ஒரு வாரம் மட்டும் என்ற கணக்கில். இரண்டுமே கல்லீரலைக் கவனித்துக் கொடுக்க வேண்டியவை. இதயம் பலவீனமானவருக்கு இட்ராகோனசோல் ஆகாது. அதனால் மருத்துவர் பார்த்து, ரத்தம் சோதித்துத்தான் தர வேண்டும். நகத்தில் மட்டும் பூசுகிற மருந்துகளும் உண்டு. ஆனால் நகம் முழுக்கச் சொத்தையான பிறகு பூச்சு மட்டும் போதாது. சிக்ளோபிராக்ஸ் என்ற நகப்பூச்சை ஆண்டு முழுக்கப் போட்டும் முழுதாகக் குணமானவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மாத்திரைகூட எல்லோருக்கும் முழுக் குணம் தருவதில்லை. ஆனால் பூச்சைவிடப் பல மடங்கு மேல்.

பிறகு பொறுமை. கால்நகம் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான் வளரும். சொத்தை நகம் முழுக்கத் தள்ளப்பட்டுப் புது நகம் வர 12 முதல் 18 மாதம் ஆகும். மருந்து வேலை செய்தாலும் மூன்று மாதத்தில் கண்ணுக்குத் தெரியாது. இதை நோயாளிக்கு முதல் நாளே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் மூன்றாவது வாரமே "இது கேக்கல" என்று விட்டுவிடுவாள்.

ஆக, தேவை ஒரு சோதனை, 84 மாத்திரை, ஒன்றரை ஆண்டுக் கவனிப்பு, உலர்ந்த கால். எங்கள் மக்களுக்குக் கிடைப்பது ஒரு டியூப் களிம்பு. கூடவே ஒரு புத்திமதி.

அந்தக் களிம்பும் பல நேரம் என்ன களிம்பு? மெடிக்கலில் போய் "அரிக்குது, மருந்து குடுங்க" என்றால் கொடுக்கிற டியூபில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, அதோடு குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து வைத்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அடக்கும். 'நல்ல மருந்து' என்று ஊரெல்லாம் பெயர் வாங்கும். அடியில் பூஞ்சை தோலின் எதிர்ப்பு இல்லாமல் சுகமாகப் பரவும். தோல் மெலிந்துவிடும். 2018-இல் ஒன்றிய அரசு இந்த வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் காகிதத்தில் இருக்கிறது, டியூப் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இதன் விளைவு தனிமனிதரோடு நிற்கவில்லை. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தியா முழுக்கப் படர்தாமரை கொள்ளைநோய்போலப் பரவியிருக்கிறது. அதை உண்டாக்குகிற பூஞ்சைக்கு 2020-இல் விஞ்ஞானிகள் வைத்த பெயர் டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது. அந்த வகையில் பெரும் பங்கு டெர்பினாஃபினுக்கே அசைவதில்லை. இந்த ஸ்டீராய்டுக் கலவைகள் இப்படிப் பரவ முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்களே சொல்கிறார்கள். மருத்துவர் தொட மறுத்த தோலை மெடிக்கல் கடை தொட்டது. அதற்கான விலையை இன்று உலகமே கொடுக்கிறது.

"நகம்தானே, உயிரா போய்விடும்?" என்பார்கள். சர்க்கரை நோய் இருக்கிறவருக்குப் போகலாம். உணர்ச்சி மரத்த காலில், தடித்த நகம் பக்கத்துச் சதையை அழுத்திப் புண்ணாக்குவது தெரியாது. அந்தப் புண் வழியே கிருமி போகும். விரலை எடுப்பார்கள், பிறகு பாதத்தை, பிறகு காலை. எங்கள் தெருவில் சர்க்கரை இல்லாத வீடு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

"எல்லாத்துக்குமா சாதி?"

இதைப் படிக்கிற நண்பர்கள் சிலர் இப்போதே முணுமுணுப்பார்கள்: "பூஞ்சைக்குக்கூடச் சாதியா? ஏழ்மை என்று சொல்லிவிட்டுப் போங்களேன்."

ஏழ்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஏழ்மை மட்டும் என்றால், உப்பில் நிற்பவர் யார், மலத்தில் இறங்குபவர் யார், எச்சில் பாத்திரம் தேய்ப்பவர் யார் என்பது குலுக்கல் முறையில் அல்லவா முடிவாகியிருக்க வேண்டும்? ஏழைப் பார்ப்பனர் எத்தனை பேர் சாக்கடைக்குள் இறங்கியிருக்கிறார்கள்? ஈரமான வேலையைப் பிறப்பால் ஒதுக்கி வைத்தது சாதி. அந்த வேலையால் வந்த நோய்க்கு 'சுத்தமின்மை' என்று பெயர் வைத்தது சாதி. அந்தப் பெயரைச் சொல்லிச் சிகிச்சையைச் சுருக்கியது சாதி. பூஞ்சைக்கு இதில் பங்கு கடைசிதான்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளின் சேற்றில் மாதக்கணக்கில் நின்ற சிப்பாய்களின் கால்கள் அழுகின. அது பூஞ்சையால் வந்ததில்லை, குளிராலும் ஈரத்தாலும் வந்தது. பிரிட்டிஷ் ராணுவம் என்ன செய்தது? "சுத்தமாக இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. உலர்ந்த காலுறையை முன்வரிசைக்கே அனுப்பியது. சிப்பாய்களை முறை மாற்றிப் பின்னுக்கு அழைத்தது. ஒவ்வொருவர் காலையும் சோதிப்பதை அதிகாரியின் கடமையாக்கியது. சிப்பாயின் கால் அழுகினால் அரசுக்கு நஷ்டம் என்பதால் செய்தார்கள். நல்ல மனதால் செய்யவில்லை. ஆனால் பாருங்கள், கால் முக்கியம் என்று முடிவெடுத்தால் அதை உலர்த்தி வைக்க ஒரு அரசால் முடிகிறது.

உப்புக்காக நடந்த கால்களை இந்த நாடும் போற்றியதுண்டு. 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். ஒருமுறை ஒரு பிடி உப்பு அள்ளியது தேசபக்தி. ஆயுள் முழுக்க உப்பு அள்ளியவளின் காலைப் பார்ப்பதற்கு ஒரு ஸ்டூல் கிடையாது.

அரசே ஒப்புக்கொண்ட உண்மை

2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் தனியார்மயத்தை எதிர்த்துப் பல நாட்கள் போராடினார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் அவர்களைக் கைது செய்து அகற்றினார்கள். மறுநாள் கூடிய தமிழ்நாடு அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்குச் சில திட்டங்களை அறிவித்தது. அவற்றில் ஒன்று, அவர்களுக்குத் தொழிலால் வரும் நுரையீரல், தோல் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை தரத் தனித் திட்டம். எதற்காகப் போராடினார்களோ அந்தக் கோரிக்கை அந்த அறிவிப்பில் நிறைவேறவில்லை. அதை மறந்துவிட்டு இந்த அறிவிப்பைப் பாராட்ட முடியாது. ஆனால் அந்த அறிவிப்பில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம் இருக்கிறது: தோல் நோய் என்பது தொழிலால் வருகிறது. அழுக்குப் பழக்கத்தால் வருவதாக அரசு சொல்லவில்லை.

தூய்மைப் பணியாளருக்கு உண்மையானது உப்பளத் தொழிலாளிக்கும் உண்மைதானே? வீட்டு வேலை செய்கிற பெண்ணுக்கும் உண்மைதானே? 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்ட அட்டவணையிலேயே தொழிலால் வரும் தோல் நோய்கள் இடம்பெற்றிருந்தன. அந்தப் பட்டியலைக் காட்டி இழப்பீடு கேட்க வேண்டுமானால் முதலாளி யார் என்று காட்ட வேண்டியிருந்தது. எங்கள் அம்மாவுக்குக் கூலி கொடுத்தது மேஸ்திரி. வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் எந்த நாளும் இருந்ததில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இரக்கம் இல்லை. கேட்பது இவைதான்.

உப்பளத் தொழிலாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், வீட்டு வேலைத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் நகச்சொத்தை, சேற்றுப்புண், நகச்சுத்து ஆகியவற்றைத் தொழில்நோய் என்று அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

மழைக்கால மாதங்களில் உப்பளத்தில் வேலை இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மூன்று மாதம். அதற்காகத்தான் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. கால்நகத்துக்கு மாத்திரை சாப்பிட வேண்டிய காலமும் அதே மூன்று மாதம்தான். உள்ளே போன டெர்பினாஃபின் மாத்திரையை நிறுத்திய பிறகும் பல மாதம் நகத்தில் தங்கியிருக்கும். செப்டம்பரில் சீசன் முடியும்போது உப்பளத்திலேயே முகாம் போட்டு, நகம் சுரண்டிச் சோதித்து, ரத்தம் பார்த்து, நிவாரணத்தோடு சேர்த்து 84 மாத்திரையையும் கையில் கொடுக்க ஏன் முடியாது? வீடு தேடி வந்து சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை தருகிற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து நடக்கிறது. அந்த ஊழியர்கள் குனிந்து ஒரு முறை காலையும் பார்த்தால் போதும்.

தோல் மருத்துவர் இருக்கிற இடத்துக்கு நாங்கள் அலைவது நிற்க வேண்டும். மரக்காணத்திலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் திண்டிவனம் போய் வண்டி மாற வேண்டும். கோட்டக்குப்பத்துக்காரர்கள் மாநில எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு ஓடுகிறோம். ஒரு நாள் கூலி போக, பஸ் காசும் போய், கிடைப்பது களிம்பு என்றால் எவர் இரண்டாம் முறை போவார்?

கம்பூட்ஸ் கொடுத்தால் ஆளுக்கு இரண்டு ஜோடி கொடுக்க வேண்டும். ஒன்று காயும்போது மற்றொன்று போட. உப்பளத்தில் கால் கழுவ நல்ல தண்ணீர், துடைத்து உலர்த்த நிழல், மாற்றுச் செருப்பு வைக்க இடம். 2013-ஆம் ஆண்டின் மலம் அள்ளும் தொழில் தடைச் சட்டத்தின் விதிகளில் பாதுகாப்பு உடைகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. பட்டியலை எழுதியவர்கள் பூட்ஸ் காய வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. பூட்ஸ் போடுகிறவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

மெடிக்கலில் சீட்டில்லாமல் ஸ்டீராய்டுக் கலவை விற்பதை நிறுத்த வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், இருக்கிற சட்டத்தை நடத்தினால் போதும்.

கடைசியாக, மருத்துவர்கள் காலைத் தொட வேண்டும். இதை அரசாணை போட்டுக் கொண்டுவர முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் கேட்காமல் விட முடியாது.

ஏனென்றால் தொட்ட ஒருவரை நாங்கள் பார்த்துவிட்டோம். முதல் மருத்துவருக்குப் பிறகு எட்டு மாதம் கழித்து, ஓர் அரசு மருத்துவமனையில், மேற்படிப்புப் படிக்கிற ஒரு இளம் பெண் மருத்துவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கையுறை மாட்டி, அம்மாவின் பாதத்தைத் தன் முழங்காலில் எடுத்து வைத்துக்கொண்டு நகத்தைச் சுரண்டினார். "என்னம்மா வேலை பண்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நகத்தைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், அது புண்ணைக் கூட்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதை அன்றைக்கே சொன்னார். அம்மா 84 மாத்திரையையும் ஒன்று விடாமல் சாப்பிட்டாள். இப்போது அடியிலிருந்து பாதி நகம் தெளிந்து வந்திருக்கிறது. மீதி வருமா, விடுதியின் சோப்புத் தண்ணீர் அதையும் கெடுக்குமா என்று தெரியாது.

இதைப் படிக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், உழைத்துத் தேய்ந்த காலை யாராவது மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவரிடம், இது அழுக்கு இல்லை, நோய், இதற்கு மருந்து இருக்கிறது என்று சொல்லுங்கள். அவரோடு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே யாராவது "காலைச் சுத்தமா வெச்சுக்கணும்" என்று சொன்னால், தயங்காமல் கேளுங்கள்: நகம் சுரண்டிச் சோதனை பண்ணினீங்களா டாக்டர்? எத்தனை வாரம் மாத்திரை? இவங்க என்ன வேலை பார்க்கறாங்கன்னு கேட்டீங்களா?